செடி கொடி அனுமதி இல்லை

முதல் குறிப்பு வெயிலைப் பற்றியது. "தீவில் வெயில் கடுமையாக இருக்கும். தொப்பியும் பருத்தி ஆடையும் அணியவும்." அஸ்தம்பட்டியில், ஏற்காடு ரோட்டைப் பார்த்த ஒரு மாடி அறையில், சித்திரை மாத மத்தியானத்தில், தலைக்கு மேல் மின்விசிறி சூட்டைக் கலக்கிவிட்டுக்கொண்டிருக்க, இந்த வரியைத் தமிழில் எழுதியவள் நான்தான். யாருக்காக? பரமத்தி வேலூர், திருச்செங்கோடு, தம்மம்பட்டி ஆட்களுக்காக. வெயில் என்றால் என்னவென்று அவர்களுக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டாவது குறிப்பு கொசு. மூன்றாவது, தென்னை மரத்தடியில் நிற்காதீர்கள், தேங்காய் தலையில் விழலாம். ஆறாவதோ ஏழாவதோ, உள்ளூர் மக்கள் வீட்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவார்கள், நீங்களும் அவ்வாறே செய்வது மரியாதை. அதற்கடுத்தது இன்னும் அழகு: சிலர் கையால் உணவு உண்பதைக் காண நேரிடலாம், உற்றுப் பார்க்க வேண்டாம். இதை எழுதிவிட்டு நான் கீழே போய்க் கையால் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு வந்தேன். சிரிப்புக்கூட வரவில்லை. வேலையில் அவ்வளவு மூழ்கிப் போயிருந்தேன்.

நான் வேலை பார்ப்பது வெளிநாட்டுப் பயணம் ஏற்பாடு செய்யும் ஒரு சின்ன அலுவலகம். முதலாளி, நான், டிக்கெட் போடும் ஒரு பெண், அவ்வளவுதான். கோழித் தீவன டீலர்கள், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி முதலாளிகள், ஜவுளிக்காரர்கள் என்று கூட்டம் கூட்டமாக ஆட்களை அனுப்புவோம். எங்கள் பக்கத்து ரிக் வண்டிகள் போர் போடாத நாடு இல்லை என்பதால் அந்தச் சின்னத் தீவுக்கும் ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். "தீவுக்குச் செல்வோர் அறிய வேண்டிய அவசியத் தகவல்கள்" என்று ஓர் இங்கிலீஷ் தாளை முதலாளி எங்கிருந்தோ எடுத்து வந்து என் மேஜையில் போட்டார். பனிநாட்டுக்காரர்களுக்காகப் பனிநாட்டுக்காரர் எவரோ எழுதியது என்பது முதல் வரியிலேயே தெரிந்தது. ஆனாலும் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் எம்.ஏ. தமிழ். மொழிபெயர்ப்பு நன்றாக வர வேண்டும் என்பதுதான் என் ஒரே கவலையாக இருந்தது.

பதினோராவது குறிப்புதான் இந்தக் கதை முழுவதும். இங்கிலீஷில் அது நீளமாக இருந்தது. பச்சை இலை, காய், கொட்டை, விதை, பழம், சமைத்த உணவு, மண் ஒட்டிய கிழங்கு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, இவை எதையும் சொல்லாமல் கொண்டு வராதீர்கள் என்று எழுதியிருந்தார்கள். முதலாளி, "ஒரே தாள்ல வரணும் மேடம், முன்னாடி பின்னாடி, அவ்வளவுதான்" என்றார். நான் பட்டியலைச் சுருக்கினேன். "செடி, கொடி, பிற தாவரப் பொருள்கள் தீவினுள் அனுமதி இல்லை." ஒரே வரி. செடி, கொடி என்று எதுகை வேறு. அதைப் படித்துப் பார்த்து நானே தலையாட்டிக்கொண்டது நினைவிருக்கிறது. வெட்கம் கெட்ட நினைவு.

என் அக்காவுக்குப் பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில், ஆற்றோரமாக, வெற்றிலைக் கொடிக்கால். மாமாவும் அவளும்தான் பாடுபடுகிறார்கள். ஒரே மகள். அவளைத் திருச்செங்கோட்டில் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை ரிக் வண்டியில் ஆபரேட்டர். அந்தத் தீவில் ஹோட்டல்களுக்கு போர் போடும் வேலை கிடைத்து அவளையும் கூட்டிக்கொண்டு போனார். அவளுக்கு இரண்டு முறை கரு நிற்காமல் போனது. மூன்றாவது முறை நின்றபோது அங்கே இருந்த டாக்டர் கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, பிரசவம் வரை விமானத்தில் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வேலைக்குப் போனால் பக்கத்துத் தீவுகளுக்குப் படகில் போய்விட்டு நாலு நாள், ஐந்து நாள் கழித்துத்தான் வருவார். ஆகவே அக்கா போய்த் தீர வேண்டும். ஏழாம் மாதம் போய் இறங்கினால் மூன்று மாதம் தங்க அனுமதி தருவார்கள், பிள்ளை பிறந்து தலை நிற்கும் வரை இல்லாவிட்டாலும் பிரசவத்துக்காவது அம்மா பக்கத்தில் இருப்பாள். மகள் போனில் கேட்டதும் அது ஒன்றைத்தான். "நீ ஒண்ணும் கொண்டு வராதம்மா. நீ வா, அது போதும்."

அக்கா அதுவரை பெங்களூரைத் தாண்டிப் போனதில்லை. நான் துணைக்குப் போய் இரண்டு வாரம் இருந்து விட்டுவிட்டு வருவது என்று பேச்சு. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு வேலூருக்குப் போய் அந்தத் தாளை அவளிடம் கொடுத்தேன். எட்டாம் வகுப்பு படித்தவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஆனால் கையில் கிடைத்ததை முழுசாகப் படிப்பாள். வெயில் வரியைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இங்க என்ன பனியா கொட்டுது?" என்றாள். தேங்காய் வரியில் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். பதினொன்றுக்கு வந்ததும் அக்கா நிறுத்தினாள்.

"தாவரம்னா என்ன கண்ணு?"

நான் அலுவலகத்துடன் போனில் பேசிக்கொண்டிருந்தேன். போனைக் கையால் மூடிக்கொண்டு, "அதேதான், செடி கொடி" என்றேன்.

அக்காவின் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. "நாயந்தான். கண்ட கொடியும் கொண்டாந்து வெச்சா அவுங்களுக்கு வாடல் வந்துரும்ல" என்றாள்.

வெற்றிலை வைப்பவர்களுக்குக் கொடி என்றால் கொடிதான். கணு விட்டு நட்டால் வேர் பிடிக்கிற விதைக்கொடி. பறித்து, அடுக்கிக் கட்டுக் கட்டாகக் கவுளி கட்டிய பிறகு அது கொடி அல்ல, செடியும் அல்ல, வெற்றிலை. பறித்த வெற்றிலையைக் கொடி என்று வேலூரில் பச்சைப் பிள்ளைகூடச் சொல்லாது. அக்கா தன் கொடிக்காலுக்குள் யாரையும் செருப்புக் காலோடு விடமாட்டாள். வேறு தோட்டத்தில் வாடல் நோய் என்று கேள்விப்பட்டால் அந்தத் தோட்டத்து ஆளை வரப்பிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிடுவாள். அந்தத் தீவுக்காரர்களின் சட்டத்தை இந்த மாவட்டத்திலேயே நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவள் அவள்தான். அவளுக்குப் புரியாதபடி எழுதி வைத்தேன் நான்.

எங்கள் பக்கம் ஏழாம் மாதத்தில் பிறந்த வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டு போவார்கள். மசக்கைப் பெண் ஆசைப்பட்டுச் சாப்பிட என்று சோறும் பலகாரமும் கட்டி, தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சளோடு கொண்டு போய் இறக்குவது. எங்கள் வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. மூட்டையை மஞ்சள் நனைத்த துணியில் முடிந்தால், போய்ச் சேர்ந்த பிறகு மகள்தான் முடிச்சை அவிழ்க்க வேண்டும். வழியில் யாரும் அவிழ்க்கக் கூடாது. முதல் இரண்டு முறையும் அக்காவால் கட்டுச்சோறு கொண்டு போக முடியவில்லை. ஏழாம் மாதம் வரவே இல்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, "எதையும் கட்டிக்கிட்டு வராதே" என்று போனில் இரண்டு தரம் சொன்னதோடு என் கடமை முடிந்தது என்று இருந்தேன். பெங்களூர் போகும் காரில் டிக்கியைத் திறந்தபோது அவள் பெட்டியின் ஜிப் ஓரத்தில் மஞ்சள் கறை பார்த்தேன். பார்த்துவிட்டு டிக்கியை மூடினேன்.

இறங்குவதற்கு முன்பு விமானத்தில் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். அக்கா தன்னுடையதை என்னிடம் நீட்டினாள். பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் எழுதிவிட்டு அந்தக் கேள்விக்கு வந்தேன். உணவு, பழம், இலை, விதை ஏதாவது கொண்டு வருகிறீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்.

"திங்கற பண்டம் ஏதாச்சும் வெச்சிருக்கியா?" என்று கேட்டேன்.

"நாம திங்கறதுக்கா? ஒண்ணுமில்ல கண்ணு" என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. நாம் தின்பதற்கு ஒன்றுமில்லை. அது சீர், கொண்டு போகிறவர்கள் அதில் கை வைக்க மாட்டார்கள். அவள் சொன்ன அந்த "நாம" என் காதில் நன்றாகவே விழுந்தது. மேலே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். பக்கத்து சீட்டில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் முன்னால் மூட்டையைப் பற்றியும் முடிச்சைப் பற்றியும் பேச எனக்குக் கூச்சமாக இருந்தது. இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டேன். கையெழுத்தை மட்டும் அவள் போட்டாள், எழுத்து எழுத்தாக.

அந்த விமான நிலையம் நம் தாலுகா ஆபீஸ் அளவுதான் இருக்கும். முத்திரை குத்துவது, பெட்டி பார்ப்பது எல்லாம் ஒரே கூடத்தில். முத்திரை குத்தியாயிற்று, இருவருக்கும் மூன்று மாதம். பெட்டியை வாங்கிக்கொண்டு நகரும்போது ஒரு சின்னப் பெண், கையுறை போட்ட அதிகாரி, அக்காவின் பெட்டியைக் காட்டித் திறக்கச் சொன்னாள். உள்ளே மஞ்சள் மூட்டை. புளிக்காய்ச்சலும் எள்ளுருண்டையும் பூவன் பழமும் கலந்த வாசம் கூடம் முழுக்கப் பரவியது.

அந்தப் பெண் முடிச்சில் கை வைத்ததும் அக்கா குறுக்கே கை நீட்டினாள். "அம்மிணி, அத நீ அவுக்கப்படாது சாமி. என்ற புள்ள அவுக்கோணும். அங்க நிக்கறா பாரு" என்றாள்.

உண்மையிலேயே நின்றாள். வெளியே போகும் கதவு ஆட்கள் போகும்போதெல்லாம் திறந்து திறந்து மூடியது. திறக்கும் இடைவெளியில் மகள் வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. அக்கா அவளை வயிறும் பிள்ளையுமாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

நான் இங்கிலீஷில் விளக்கப் பார்த்தேன். "இது எங்கள் கஸ்டம்" என்றேன், வழக்கம் என்ற அர்த்தத்தில். அந்தப் பெண் நிமிர்ந்து, "ஆமாம், இது கஸ்டம்ஸ்தான்" என்றாள். கேலி பண்ணவில்லை, அப்படித்தான் அவளுக்குக் கேட்டிருக்கும். முடிச்சு இறுகியிருந்ததால் கத்தரிக்கோலால் துணியை வெட்டினாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். வெற்றிலைக் கவுளியை எடுத்து ஒரு நெகிழிப் பையில் போட்டாள், பழம் ஒரு பையில், மஞ்சள் கிழங்கு ஒரு பையில். மாமா விடியலில் கிள்ளி, அகத்தி நிழலில் வைத்துக் கட்டிய வெற்றிலை.

அப்புறம் மூத்த அதிகாரி ஒருவர் வந்தார். படிவத்தை எங்கள் முன்னால் வைத்து, டிக் போட்ட இடத்தில் விரலை வைத்தார். மூட்டை கொண்டு வந்ததைவிட, இல்லை என்று சொன்னதுதான் குற்றம் என்றார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "இதை நிரப்பியது யார்?" என்று கேட்டார்.

"என்ன கேக்கறாரு?" என்றாள் அக்கா.

"படிவத்த யாரு நெரப்புனதுன்னு கேக்கறாரு."

ஒரு நொடிகூட ஆகவில்லை. அக்கா தன் நெஞ்சில் கையை வைத்தாள். "நாந்தானுங்க" என்றாள். அவருக்குத் தமிழ் தெரியாது, அந்தக் கை போதுமானதாக இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். இங்கிலீஷ் தெரிந்தவள் நான்தானே. வேறு கையெழுத்து, வேறு பேனா அழுத்தம், பார்த்தாலே தெரியும். அவள் இல்லை, அவளுக்காக நிரப்பியது நான் என்று சொல்ல எனக்கு நாலு வார்த்தை போதும். பயண அலுவலகத்தில் வேலை பார்ப்பவள் பொய்ப் படிவம் நிரப்பினாள் என்று எழுதிவிட்டால் என் பிழைப்பு என்ன ஆகும் என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் அவர் முத்திரையை எடுத்துவிட்டார்.

அக்காவின் பாஸ்போர்ட்டில் இருந்த மூன்று மாதத்தை அடித்துவிட்டுப் பதினைந்து நாள் என்று எழுதினார். நீட்டிப்பு கிடையாது என்று பக்கத்திலேயே இன்னொரு முத்திரை. என் பாஸ்போர்ட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தேவைப்படாத எனக்கு மூன்று மாதம்.

அந்தப் பதினைந்து நாளில் அக்கா அந்தச் சின்ன வீட்டை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். கடையில் கிடைத்த புளியில் புளிக்காய்ச்சல் காய்ச்சினாள், உப்புக் கரிக்கும் தண்ணீரைத் திட்டிக்கொண்டே சோறு பொங்கினாள், மகளை ஒரு தம்ளரைத் தூக்க விடவில்லை. வெட்டிய துணியை ஊசி நூல் வாங்கித் தைத்தாள். மகள்தான், "விடும்மா, துணி தானே" என்றாள். அவள் முகத்திலும் பயம் இருந்தது. இரண்டு முறை பறிகொடுத்தவளுக்கு முடிச்சு வெட்டியது வெறும் துணி என்று தோன்றுமா?

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ அக்கா பின்பக்கம் துணி காயப் போடப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பக்கத்து வீட்டுத் தென்னை மரத்தில் வெற்றிலைக்கொடி ஆள் உயரத்துக்கு மேல் ஏறிப் போயிருந்தது. கை அகலத்துக்கு இலை. அந்த வீட்டு அம்மாவிடம் சைகையிலேயே கேட்டாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே ஒரு கைப்பிடி கிள்ளிக் கொடுத்தாள். கொடிப் பக்கம் வருமுன் காலைக் கழுவிக்கொள்ளச் சொன்னாள். அக்கா ஓர் இலையை மென்று பார்த்தாள்.

"காரம். கருப்பு வெத்தல. ஆனாப் பழுது சொல்ல முடியாது" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். அதுவரை அவள் என்னைக் கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இங்கயே வெத்தல இருக்குதுன்னு அந்தக் காயிதத்துல ஒரு வரி எழுதியிருக்கலாமல்ல? வெயிலு அடிக்கும், கொசு கடிக்கும்னு எழுதத் தெரிஞ்சுதே. இத எழுதியிருந்தா நான் ஏன் கண்ணு தூக்கிட்டு வரப்போறேன்?"

எனக்கு அன்று வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த இங்கிலீஷ் தாளை எழுதியவன் மேல், ஒரே தாளில் வர வேண்டும் என்ற முதலாளி மேல், கத்தரிக்கோல் மேல், நெஞ்சில் கையை வைத்த அக்கா மேல்கூட. யார் கேட்டார்கள் அவளை? எல்லோரையும் திட்டிவிட்டுத் தெருவில் கடல் வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தேன். தீவு அவ்வளவுதான், கோபம் தீருமளவுக்குக்கூட நீளம் கிடையாது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மகள் என்னிடம் தனியாகக் கேட்டாள். "உங்களுக்கு மூணு மாசம் இருக்குதல்ல சித்தி. நீங்களாச்சும் இருங்களேன்." முதலாளிக்குப் போன் போட்டேன். சீசன் நேரம் மேடம், இரண்டு வாரத்துக்கே கஷ்டப்பட்டு விட்டேன் என்றார். நான் மன்றாடவில்லை. வேலை போனால் போகட்டும் என்று சொல்லவில்லை. அவளிடம் வந்து லீவு கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். அவள், "சரிங்க சித்தி" என்றாள். எங்கள் ஊரில் யார் வீட்டை விட்டுக் கிளம்பினாலும் வாரேன் என்றுதான் சொல்வோம். மறுநாள் அக்கா வாசலில் நின்று மகளின் வயிற்றைத் தடவிவிட்டு, அந்த வாரேனைச் சொல்லாமலே வண்டியில் ஏறினாள்.

பிள்ளை ஒன்பதாம் மாதக் கடைசியில் பிறந்தது. ஆண் பிள்ளை, நல்லபடியாகத்தான். வலி எடுத்தபோது மாப்பிள்ளை படகில் வந்துகொண்டிருந்தார். வெற்றிலை கொடுத்த அந்தப் பக்கத்து வீட்டு அம்மாதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் கூடவே நின்றாள். அவள்தான் வீடியோ கால் போட்டுக் காட்டினாள். நான் அன்று வேலூரில் இருந்தேன். அக்கா கொடிக்கால் ஈரத்தோடு ஓடி வந்து, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் வலியில், "அம்மா எங்க, அம்மா எங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த அம்மா புரியாமல் போனை அவள் முகத்துக்கு நேராகக் காட்டினாள். "இங்கதான் சாமி இருக்கறேன்" என்று அக்கா கத்தினாள். சிக்னல் போய்விட்டது.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனதும் அந்தத் தாளை எடுத்துக் குறிப்பு ஒன்று முதல் எட்டு வரை அடித்துவிட்டேன். பதினோராவதை முதலாவதாகப் போட்டேன். "வெத்தல, பாக்கு, பழம், கருவேப்பிலை, கட்டுச்சோறு, சீர்ப் பலகாரம் எதையும் சொல்லாமல் கொண்டு போகாதீங்க. பெட்டியில் இருந்தால் இருக்குதுன்னு எழுதுங்க. வெத்தல அங்கேயே கிடைக்கும்" என்று எழுதினேன். முதலாளி படித்துவிட்டு, "என்ன மேடம், பேச்சு வழக்குல இருக்கு? நம்ம ஆபீஸ் பேர்ல போகுது. நீங்க எம்.ஏ. தமிழ், நல்ல தமிழ்ல போடுங்க" என்றார். வாய்க்கு வந்தபடி அவரை என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. டிக்கெட் போடும் பெண் எழுந்து கதவைச் சாத்தினாள். தாள் நான் எழுதியபடியே அச்சானது. ஆனால் அந்தச் சண்டையை நான் ஒரு வருஷம் முன்பு, பட்டியலைச் சுருக்கச் சொன்ன அன்றே போட்டிருக்க வேண்டும்.

இப்போது பேரனுக்கு முதல் வருஷம் நெருங்குகிறது. அக்கா மறுபடியும் போக வேண்டும் என்கிறாள். முன்பு முத்திரை அடிபட்டவர்கள் ஊரிலிருந்தே ஒரு நீளமான படிவம் நிரப்பி அனுப்பி அனுமதி வாங்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை அதை அச்செடுத்துக்கொண்டு வேலூருக்குப் போனேன். அக்கா எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒவ்வொண்ணா நம்ம பேச்சுல சொல்லு. நான் சொன்னதுக்கப்பறம் டிக் போடு" என்றாள்.

அப்படியே செய்தோம். பெட்டியில் தின்பண்டம் உண்டா? எள்ளுருண்டை உண்டு, ஆமாம் என்று போடு. இலை? இல்லை, அங்கேயே கிடைக்கும். முன்பு எப்போதாவது தவறான தகவல் தந்ததுண்டா? ஆமாம் என்று போட்டேன். அதற்குக் கீழே விவரம் எழுத நாலு வரி இடம்.

"அன்னிக்கு நாந்தான் நெரப்புனேன்னு சொன்னேன்ல, அதையே எழுது" என்றாள் அக்கா. "மாத்திச் சொன்னா சந்தேகப்படுவாங்க. உனக்கும் வேல இருக்குது."

இத்தனை நாளில் அந்த விஷயத்தை அவள் வாயெடுத்துச் சொன்னது அதுதான் முதல் முறை. அப்போதும் எனக்குச் சாதகமாகத்தான் சொன்னாள். படிவத்தின் கடைசியில் இன்னொரு கட்டம் இருந்தது. இதை நிரப்ப உதவியவர் யார், பெயர், தொழில். அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அப்படி ஒரு கட்டம் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

நான் எழுதத் தொடங்கினேன். நாலு வரியும் போதாமல் ஓரத்தில் போனது. அக்கா பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்ன இத்தன நேரமா எழுதற?" என்றாள்.

பேனாவை வைத்துவிட்டு அவளுக்கு நம் பேச்சிலேயே சொன்னேன். "போன தடவ அந்த டிக் போட்டது என்ற அக்கா இல்ல, நாந்தான். மூட்ட இருக்குதுன்னு எனக்குத் தெரியும். யாரு நெரப்புனதுன்னு கேட்டப்ப நான் பேசாம நின்னுட்டேன். இதுல தப்பு என்ற மேல. கீழ என்ற பேரும் என்ற வேலயும் எழுதியிருக்குது."

அக்கா அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். அதில் ஓர் எழுத்துகூட அவளால் படிக்க முடியாது.

"இதாச்சும் எனக்கு வெளங்கற மாதிரி சொன்னயே கண்ணு" என்றாள். அப்புறம் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.